ஒரு மீன் குறைகிறது

டூயிஸ்பேர்க், மார்க்ஸ்லோ.
இரும்பாலைப் புகைக்கு இப்பால்
மூடிக்கிடந்த சலவைக்கடையை வாடகைக்கு எடுத்து
கண்ணாடியில் ஒரு சிலுவையும் ஒரு பந்தும் ஒட்டியிருக்கிறோம்.
சிலுவையைவிடப் பந்து பெரிது.
அது எல்கேயின் யோசனை.

புதன்கிழமை மூன்று மணிக்குத் திறப்போம்.
இரண்டரைக்கே கைப்பிடியில் தொங்குவார்கள்.
ஈரச் சப்பாத்து, ஒழுகும் மூக்கு,
பல்கேரியம், ருமேனியம், துருக்கி,
நடுவில் என் உடைந்த ஜெர்மன்.
ஜெபத்துக்குக் கண்மூடச் சொன்னால்
ஒரு கண்ணைத்தான் மூடுவார்கள்.
மற்றது பாண்மேல் இருக்கும்.

நான் சூப் கிண்டுகிறவள்.
கதை சொல்லும் யோகனசுக்குக் காய்ச்சல் என்பதால்
அன்று பலகைக்கு முன்னால் நின்றேன்.
கம்பளித்துணியில் வெட்டிய ஐந்து அப்பம்,
செம்மஞ்சளில் இரண்டு மீன்,
கூடையோடு ஒரு பெடியன்.
ஒட்டினேன், எடுத்தேன், பெருக்கினேன்.
எல்லாரும் தின்று முடித்தார்கள்.

ஸ்லாவ்சோ கை தூக்கினான். ஒன்பது வயது,
மூத்த யாரோ போட்டுத் தேய்ந்த மேலங்கி.
"மிச்சம் பன்னிரண்டு கூடையா?"
"ஓம்."
"யார் வீட்டுக்குக் கொண்டுபோனது?"
சீடர்கள் என்றேன்.
அவர்களுக்கு வீடு இருந்ததா என்றான்.
பிறகு, சாப்பாட்டைக் கொடுத்த பெடியனின் அம்மாவுக்கு
ஒரு கூடையாவது போனதா என்றான்.
வேதத்தில் அப்படி எழுதவில்லை என்றேன்.
"அப்போ எழுதினவர் கடைசிவரை நிற்கவில்லை."

துணிகளை மடிக்கும்போது
ஒரு மீன் குறைந்தது.

இதைச் சொல்ல வெட்கம்தான்.
எல்லாருடைய சட்டைப்பையையும் திருப்பிக் காட்டச் சொன்னேன்.
கோலிக்குண்டு, பஸ் டிக்கெட், ஒரு பாற்பல்.
ஸ்லாவ்சோவின் பையில்
கைதுடைக்கும் காகிதத்தில் சுற்றிய மூன்று துண்டு பாண்.
மீன் இல்லை.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
தங்கை மீத்கா பார்த்தாள்.
எல்கே ஒன்றும் சொல்லாமல்
மேசை துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து
கத்தரிக்கோலால் இன்னொரு மீன் வெட்டினாள்.
வால் கோணல்.

நவம்பரில் ஒரு காலை
நகரசபை ஆட்கள் வந்தார்களாம்.
தீ பிடித்தால் தப்ப வழியில்லாத வீடு,
ஆறு மணிநேரத்தில் காலி செய் என்று.
நான் போய்ச் சேர்ந்தபோது
நடைபாதையில் மெத்தைகள் மழையில் ஊறிக்கொண்டிருந்தன.
ஒரு தள்ளுவண்டி, சில்லு இல்லை.
டோர்ட்முண்ட் போய்விட்டார்கள் என்றான் கபாப் கடைக்காரன்.
இல்லை, ஊருக்கே திரும்பி என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அந்தப் புதன் வந்தது மூன்று பேர்.
பழக்கத்தில் முப்பது கோப்பை அடுக்கிவிட்டேன்.

மாதக் கடைசியில் தலைமையகத்துக்கு அறிக்கை.
வந்தவர்கள் எத்தனை, கதை கேட்டவர்கள் எத்தனை,
தீர்மானம் எடுத்தவர்கள் எத்தனை.
குறைவுக்குக் காரணம் என்று ஒரு கட்டம்,
விரல் நீளம்கூட இல்லை.
ஐயாயிரம் பேர் என்று கணக்கெழுதிய அந்த நாளிலும்
பிள்ளைகளைச் சேர்க்கவில்லையே,
அது இப்போதுதான் உறைத்தது எனக்கு.
பொருள் இழப்பு என்ற இடத்தில்
மீன் ஒன்று என்று எழுதினேன்.
கதிரை இரண்டு உடைந்ததையும் எழுதச் சொன்னாள் எல்கே.
எழுதினேன்.

அந்த மஞ்சள் மீன் பலகையில் ஒட்டுவதேயில்லை.
கதை நடுவில் நழுவி விழும்.
"செத்துப்போச்சு!" என்று மூன்று பேரும் கத்துவார்கள்.
துருக்கிக்காரப் பெடியன் எஃபே எழும்பி வந்து
பின்பக்கம் எச்சில் தடவி
அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பான்,
ஐயாயிரம் பேரும் தின்று முடிக்கும் வரை.